மோசேயின் அண்ணன்

நான் படித்தது இரண்டாங்கிளாஸ். அதுவும் முழுசாக இல்லை. ஆனால் திருத்தணிக் கடைத்தெருவில் இன்றைக்கு என் பெயரைச் சொன்னால் தெரியாதவன் கிடையாது. அப்பன் விட்டுப்போன ஒரு குழித்தறியை முப்பது வயசுக்குள் நான்காக்கியவன் நான். தமிழும் தெலுங்கும் என் வாயில் சரிசமமாக ஓடும். எந்த அதிகாரி முன்னாலும் கையைத்தான் கட்டுவேன், வாயைக் கட்ட மாட்டேன். இவ்வளவும் இருந்து ஒன்றுக்கும் ஆகவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

யுத்த காலம். நூலுக்குக் கட்டுப்பாடு. எங்கள் ஊர் அப்போது சித்தூர் ஜில்லா. தெருத் தலைவன் சித்தூருக்குப் போய், நூல் பங்கிடும் அதிகாரியைக் கேட்டு வாங்கிவந்தால்தான் எங்கள் நெசவாளர் தெருவில் தறிச்சத்தம் கேட்கும். பழைய தலைவர் இறந்துபோனார். அடுத்தது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தச் சமயம் அரக்கோணத்திலிருந்து துண்டு வாங்க வரும் கிறிஸ்தவ வியாபாரி ஒருவர், சரக்கு மடித்து முடியும்வரை யூதர்களின் பழைய வேதக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

“இங்க எல்லாரும் நான்தான் தலைவன்னு மார்தட்டிகினு வர்றாங்க. அந்த வேதத்துல அப்படி இல்ல அண்ணாத்த. மொத ராஜாவைத் தேடுனா, ஆளு மூட்டை முடிச்சுக்குள்ள ஒளிஞ்சிகினு இருக்காரு. இழுத்தாந்து ராஜாவாக்குனாங்க. மோசேன்னு ஒருத்தரு, அவர மாதிரி அடக்கமான ஆளு ஒலகத்துலயே இல்ல. கடவுளே கூப்புட்டும், எனக்குப் பேச வராது, வேற ஆளைப் பாருங்கன்னுட்டாரு.”

“பேச வராதவனுக்கா தலைமை?”

“ஆங், அவருக்குத்தான். மீதியக் கேளுங்க...” என்று தொடங்கியவர், ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து ஓடினார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. “இனிமே நானும் அடக்கமா இருக்கப்போறேன்” என்று பெண்சாதியிடம் சொன்னேன்.

“அதையும் தண்டோரா போட்டுத்தானே செய்வீங்க?” என்றாள்.

தலைவனைத் தேர்ந்தெடுக்கும் நாளில் பிள்ளையார் கோயில் முன்னால் பெரியவர்கள் வெற்றிலைத் தட்டை எடுத்துப் பெயர் சொல்லுவார்கள். எடுத்த தட்டை ஒருவன் கையில் கொடுக்காமல் கீழே வைத்தால் தெருவுக்கு ஆகாது. முதலில் என் பெயர்தான் வந்தது. நானோ கோயில் பின்னால், நூல் மூட்டை போடும் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தேன். இழுத்துப்போக வருவார்கள் என்று வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டேன்.

“எங்கடா அவன்? தேடிப்பாருங்கடா” என்று ஒரு பெரியவர் குரல் கேட்டது.

“எதுக்குத் தேடணும்? அவன் இருந்தா சத்தம் வருமே!”

எல்லோரும் சிரித்தார்கள். தட்டு அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. “வேணாங்க, எனக்கு வேணாங்க” என்ற குரலைக் கேட்டேன். என் அக்காள் புருஷன். பாவா நிஜமாகவே வேண்டாம் என்றார். தெருவில் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போடும்போது வண்டி வந்தால் நாங்கள் வண்டிக்காரனோடு மல்லுக்கு நிற்போம். அவர் பேசாமல் தன் பாவைச் சுருட்டிக்கொண்டு வழி விடுவார். அப்படிப்பட்ட மனிதர்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்தார். “மச்சான், சித்தூருக்கு நீயும் வா. நான் நிக்கிறேன், நீ பேசு.”

“தட்டு வாங்கின கைக்கு வாயும் இருக்கும். போய்ட்டு வாங்க பாவா” என்றேன்.

தனியாகப் போனார். மற்ற ஊர்த் தலைவர்கள் சத்தம் போட்டு வாங்கிப்போக, இவர் எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியில் நின்று, மிச்சத்தை வாங்கிவந்தார். அதிகாரி கெட்டவர் இல்லை. கேட்டவனுக்குக் கொடுத்தார், கேட்காதவனை மறந்தார். வந்த நூலைக் கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு முதலில் பிரித்துக் கொடுத்தார் பாவா. அவர் தறியில் ஒரு இழைகூட ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் வந்தது குறைந்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. என்னுடையதில் இரண்டு. நெய்த கைகள் கூலி தேடி வெளியூர் போயின. ஒருவரும் பாவாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அக்கா வந்தாள். “ஊரெல்லாம் பேசிகினு திரியுறியே, எங்களுக்கோசரம் ஒரு வார்த்தை பேசக்கூடாதா தம்பி? நம்ம நைனா உசிரோட இருந்தா உன்னைக் காதப் புடிச்சி சித்தூருக்கு இஸ்துகினு போயிருப்பாரு.”

“என்னை யாரும் தேடலையே.”

“யாரு? எங்க தேடல?” என்றாள். அவளுக்குப் புரியவில்லை.

பல மாதம் கழித்து வியாபாரி வந்தார். கொடுக்கச் சரக்கில்லை. “உங்க மோசேவை நம்பித்தான் கெட்டோம்” என்று கத்தினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “மீதியக் கேக்கலியே நீங்க. பேச வராதுன்னதும் கடவுள் விட்டுடல. மோசேவோட அண்ணனைக் கூடவே அனுப்புனாரு. அண்ணன் பேச, இவரு நிக்க, ரெண்டு பேருமா ராஜாகிட்ட போனாங்க. ஜனம் பொழைச்சிது.”

விடிந்ததும் சித்தூருக்குப் போனேன். தெருத் தலைவன் நான்தான் என்று சொல்லித் தெலுங்கில் பேசினேன். பேச்சு முடிவதற்குள் அதிகாரி ஒரு பொதி நூலுக்கு உத்தரவு போட்டுவிட்டு, “இத்தனை நாள் எங்கே இருந்தீர்?” என்று கேட்டார். கேட்டேன், கொடுத்தார். வேலை அவ்வளவுதான்.

பொதியை வண்டியில் ஏற்றி நேராக அக்காள் வீட்டுக்கு ஓட்டச் சொன்னேன். வீடு பூட்டிக் கிடந்தது. “காலைல அரக்கோணம் வண்டியப் புடிச்சிட்டாங்களே. ரயில் பாதைக்கு ஜல்லி ஒடைக்கப் போறாங்களாம்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஜன்னல் வழியே பார்த்தேன். தறிக்குழியை மண் போட்டு மூடி, மேலே சாணம் மெழுகியிருந்தார்கள்.

சொல்லியனுப்பினேன். பாவா வரவில்லை; பொதியை மற்ற வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னாராம். அடுத்த கோடையில் அக்கா அங்கேயே காய்ச்சலில் போனாள். பிரித்துக் கொடுக்கத் தெருவில் என்னைத் தவிர நெய்கிறவன் மிச்சமில்லை. பொதி முழுவதும் என் நான்கு தறிக்கே ஆனது. நான் முன்னுக்கு வந்தது அந்த நூலில்தான்.