காற்றில் சாயாத பயிர்

வரப்பில் முளைத்த அருகம்புல்லை வெட்டிப்போட்டே என் அப்பாவுக்கு முதுகு கூனிவிட்டது. அவர் மகளான நான் அதே அருகம்புல்லின் பங்காளியைச் சம்பளம் வாங்கிக்கொண்டு வளர்க்கிறேன். தஞ்சாவூரைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் கால்பந்து மைதானம். அதன்மேல் வெளிச்சம் ஊடுருவும் கூரை. மழையிலும் ஆட்டம் நிற்கக்கூடாது என்பது தாளாளரின் ஆசை. நிஜப்புல்தான் வேண்டும் என்பது அவருடைய இன்னொரு ஆசை. இரண்டுக்கும் நடுவில் நான்.

கூரை வெளிச்சத்தை விடும், காற்றை விடாது. காலையிலேயே உள்ளே நெல் அவிக்கிற அண்டாவுக்குள் நிற்பதுபோல் இருக்கும். ஐப்பசியில் கூரைமேல் மழை கொட்டும். கீழே நான் குழாயைப் பிடித்துக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் விடுவேன். டெல்டாக்காரிக்கு இதைவிடக் கேவலம் உண்டா? அழுகை வரும். ஓடிவிடலாம் என்று தோன்றும்.

ஓட முடியாது. தாளாளரிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர் என் தாய்மாமா. விட்டுவிடுகிறேன் என்று வாயெடுத்தாலே அப்பா, "மாமா மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்பார். ஒரு விதைப்பண்ணையில், திறந்த வயலில், எனக்கு வேலை தயாராக இருந்தது. தை வரைக்கும்தான் காத்திருப்பார்கள். எனக்கு இருந்தது ஒரே வழி. புல் தானாகச் செத்துப்போக வேண்டும். செத்தால் பிளாஸ்டிக் புல் விரித்துவிடுவோம் என்று தாளாளரே சொல்லியிருந்தார். பிளாஸ்டிக்குக்கு வேளாண் பட்டதாரி எதற்கு? யார் மனமும் கோணாமல் வெளியே வந்துவிடலாம்.

கார்த்திகையில் புயல் வந்தபோது பூதலூரில் வீட்டில் மாட்டிக்கொண்டேன். ரயில் ஓடத் தொடங்கியதும் திரும்பி வந்தால், காற்றோட்டத்துக்காக நான் எப்போதும் தூக்கியே வைக்கும் பக்கவாட்டு ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருந்தன. பெரிய விசிறிகள் நின்றிருந்தன. உள்ளே புழுங்கி நாறியது. புல்லில் திட்டுத் திட்டாகப் பழுப்பு; அதன்மேல் வெள்ளை நூலாகப் பூஞ்சணம்.

மூடியவர் மைதானத்தில் என்னோடு வேலைபார்க்கும் அக்கா. நடவிலும் அறுப்பிலுமே வளர்ந்தவர். கதிர் முற்றிய வயல் காற்றில் படுத்துவிடுவதைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவர்.

"காத்துல பயிரு சாஞ்சிடுமேன்னு நான்தான் மூடினேம்மா. உள்ள ஃபேனு வேற அடிச்சுது, அதையும் நிறுத்திட்டேன்."

விரல் உயரப் புல். சாய்வதற்கு அதில் என்ன இருக்கிறது? கத்தத்தான் வாயைத் திறந்தேன். நான் கேட்ட வரம் தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது, எதற்குக் கத்த வேண்டும்? சும்மா இருந்தால் போதும்.

அக்கா பழுப்புத் திட்டின் ஓரத்தில் குந்தி, புல்லை விரலால் பிரித்தார். "அடி இன்னும் பச்சையாத்தாம்மா இருக்கு," என்றார்.

நானும் குந்திப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. பார்த்திருக்கக் கூடாது. அதைப் பார்த்த பிறகு சாகட்டும் என்று எழுந்துபோக எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. என்மேலேயே எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடு ஷட்டர்களைத் தூக்கினேன், விசிறிகளைப் போட்டேன். செத்த புல்லை இருவரும் வாரி வெளியே கொட்டினோம், மருந்தடித்தோம்.

தை பிறந்தபோது மைதானம் முழுக்கப் பச்சை. முதல் ஆட்டம் முடிந்ததும் தாளாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்தப் பொண்ணு இருக்கறவரைக்கும் இங்க பிளாஸ்டிக் வராது." கைதட்டினார்கள். ஆட்டம் பார்க்க வந்திருந்த மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. விதைப்பண்ணையில் வேறு ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை கூரைமேல் தூறல் விழுந்தது. குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.