அம்மா மடியில் மூன்று ஃபியூஸ் கட்டைகள்

பழைய இரும்புக் கடையில் இன்று ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டையைக் கையில் எடுத்ததும், கும்மிடிப்பூண்டியில் இப்போது கம்பெனி மதில் நிற்கும் இடத்தில் அன்றிருந்த அரிசி மில்லின் தவிட்டு வாசனை வந்துவிட்டது. மெஷின் பெல்ட்டைச் சரிசெய்ய அப்பா மேலே ஏறும்போதெல்லாம், மில் களத்தில் நெல் காயவைக்கும் அம்மா மெயினை அணைத்து, யாரும் தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிடாதபடி மூன்று கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வாள். அத்தனை இரைச்சலும் அடங்கி, கூரையில் புறாக்கள் முனகுவது கேட்கும்.

"இன்னாம்மே, நெல்லு காத்துக்கினு கெடக்குது, குடு!" என்று முதலாளியே வந்து கத்துவார்.

"அவரு எறங்கி எம் முன்னாடி வந்து நிக்கட்டும், அப்பால தரேன்" என்பாள் அம்மா.

அப்பா வந்து நிற்பார். அவருடைய பத்து விரல்களையும் பார்த்த பிறகுதான் மடியை அவிழ்ப்பாள். அதுவரை முதலாளி நீட்டிய கையோடு நிற்பார். கரண்டே அம்மாவைக் கேட்டுத்தான் வரும் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.