பென்சிலில் எழுதிய பாம்பு

என் மேசை லாச்சியில் ஒரு பென்சில் துண்டு கிடக்கிறது. விரல் நீளம்கூட இல்லை. அது அண்ணையுடையது.

அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. இலண்டன் அருங்காட்சியகம் ஒன்றின் களஞ்சியத்தில், போத்தல்களில் ஊறும் பாம்புகளை என்னோடு சேர்ந்து பராமரித்தவர். அவர் டூட்டிங்கிலிருந்து வருவார், நான் இல்ஃபோர்டிலிருந்து. என்னிடம் பட்டம் இருந்தது, அவரிடம் இல்லை. அந்த மிதப்பில்தான் திரிந்தேன்.

ஆப்பிரிக்க வீட்டுப் பாம்பு அலுமாரிதான் எங்கள் தலைவலி. எலி தேடி வீடுகளுக்குள் வரும், நஞ்சில்லாத பழுப்புப் பாம்புகள். அவை எத்தனை இனம் என்று நிபுணர்களே இன்னும் தங்களுக்குள் அடிபடுகிறார்கள். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம்: உறுதியான பெயரை அட்டையில் மையால் எழுதுவது, உறுதியில்லாததைப் பென்சிலால். அந்த அலுமாரியில் முக்கால்வாசியும் பென்சில்தான். செதில்களை மூன்று தரம் எண்ணிய பிறகும் அண்ணை பேனையைத் தொடமாட்டார். "தெரியாது எண்டதையும் எழுதி வைக்கோணும்" என்பார். எனக்கு அது வெறும் பயமாகவே பட்டது. அவர் லீவில் நின்ற ஒரு கிழமை, மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று அறிந்து, மங்கிக் கிடந்த அத்தனை பெயர்களின் மேலும் மையால் எழுதினேன். அலுமாரி பளிச்சென்று இருந்தது. பாராட்டும் கிடைத்தது.

சில மாதங்களில், அந்த அட்டைகளை நம்பிய ஆய்வாளர் ஒருவரின் வேலை முழுவதும் பிழையாகிப்போனது. ஒரே பெயரில் வெவ்வேறு பாம்புகள். அட்டைகளுக்குப் பொறுப்பு அண்ணை என்பதால் மேலதிகாரி அவரிடம்தான் கேட்டார். அண்ணை அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தார். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு போத்தல் மூடியை நான் இறுக்கிக்கொண்டே நின்றேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவரைப் பொதி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். போகும்போது, "தம்பி, நீர் சொல்லியிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான். கூசிப்போனேன், ஆனாலும் அன்றும் சொல்லவில்லை, அவர் ஓய்வு பெற்ற நாளிலும் சொல்லவில்லை. அவர் விட்டுப்போன பென்சிலோடு அவர் மேசையும் எனக்கு வந்தது.

போன கிழமை, அந்தப் பாம்புகளின் மரபணுவைச் சோதிக்க ஓர் ஆய்வாளர் வந்தார். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்து, மையின் அடியில் தெரிந்த பென்சில் கோடுகளைப் பார்த்தார். "முதலில் எழுதியவர் கவனமானவர். மேலே மை பூசியது யார்?" என்று கேட்டார்.

"முன்பு இங்கே வேலை செய்த ஒருவர்" என்றேன்.

குறித்துக்கொள்ள அவர் ஒரு பென்சில் கேட்டார். லாச்சியைத் திறந்தேன். அண்ணையின் துண்டை ஒதுக்கிவிட்டு, வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன்.