கப்பல்காரரின் ஜனாஸா

அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், எந்த அரசாங்கத்தைச் சொல்கிறாய் என்று சண்டைக்கு வர இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது. ஒரு ஜெனரலிடம் தலைநகரம் இருக்கிறது. இன்னொரு ஜெனரலிடம் மேற்கே பாதி நாடு இருக்கிறது. இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு கொடி இருக்கிறது. வாசிக்கிறவர்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் அதற்கு மேல் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஒரு யுத்தத்தை முழுசாகப் பார்த்து முடித்தவனுக்கு இன்னொன்றைப் படிக்கத் தெம்பு வருவதில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறியும் இறைச்சியும் கொடுப்பது என் தொழில். அதற்கு முன் சவூதியில் லொறி ஓட்டினேன். அங்கே வீதியில் பொறுக்கிய அரபு இன்னும் வாயில் இருக்கிறது. எங்கள் பள்ளிவாசலில் இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, கபுறுக் குழி வெட்ட ஆள் பிடிக்கிற சிலரில் நானும் ஒருவன். கப்பல், அரபு, ஜனாஸா அடக்கம் மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததால் பொலிஸ் என்னைத்தான் கூப்பிட்டது.

சீமெந்து செய்கிற கல் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய கப்பல் வந்து, உள்ளே வர இடமில்லாமல் வெளியே நங்கூரமிட்டு நின்றது. அதன் சமையல்காரர் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அதே கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்த அவருடைய சொந்தத் தம்பி, மையித்தோடு கரைக்கு வந்தார். முப்பது வயதைத் தாண்டிய ஆள். அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். நான் ஸலாம் சொன்னதும் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். இன்றைக்கே அடக்கிவிடலாமா என்றார்.

அடக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் மௌத்தானால் பின்னேர அஸர் தொழுகைக்கு முதல் அடக்குவது எங்கள் வழக்கம். அதிலும், கொரோனா காலத்தில் எங்கள் மையித்துகளைக் கேட்காமல் எரித்ததற்குப் பிறகு, ஒரு ஜனாஸா அரசாங்கத்தின் கையில் கொஞ்சநேரம் கூடுதலாகக் கிடந்தாலே நாங்கள் ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரமாட்டோம். மரண விசாரணை முடிந்தது. இயற்கை மரணம் என்று எழுதினார்கள். பிறகுதான், இவர் வெளிநாட்டுப் பிரஜை, தூதரகத்திலிருந்து சம்மதக் கடிதம் வந்தால்தான் உடலைத் தரலாம் என்றார்கள். அந்த நாட்டுக்குக் கொழும்பில் தூதரகம் இல்லை. டில்லியில் இருப்பதுதான் எங்களுக்கும் சேர்த்து. அதோடு பேசுவதென்றால் கொழும்பில் வெளிநாட்டு அலுவல்களைப் பார்க்கும் அலுவலகம்தான் பேச வேண்டும்.

அங்கே தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி, பெண், போனை எடுத்தார். மரியாதையானவர். டில்லியோடு பேசிவிட்டுத் திரும்ப அழைத்து, நாளைக் காலையில் கடிதம் வந்துவிடும் சேர் என்றார். ஒரு இரவுதானே என்று தம்பியாருக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பள்ளிவாசலில் படுக்க இடம் கொடுத்தோம்.

இதற்குள், எங்கள் ஊர் தனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்துவிட்டது. கப்பல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் போட்காரர்கள் சல்லிக் கிராமத்துத் தமிழ் ஆட்கள். அந்தக் கப்பல் முன்பும் பலமுறை வந்து போனது. சமையல்காரர் அவர்களை ஒருநாளும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லையாம். இங்கே ஒரு சாவு விழுந்தால் சந்தியில் பனர் கட்டாமல் இருக்கமாட்டார்கள். எழுந்து நடக்கமுடியாத கிழவருக்கும் கட்டுவார்கள், யாரென்று தெரியாதவருக்கும் கட்டுவார்கள். இவருக்கும் கட்டினார்கள். ஆள் உயரத்துக்கு அவருடைய படம், இரண்டு பக்கமும் மெழுகுதிரி, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே ‘தண்ணீர் போட் நண்பர்கள்’. வெளிநாட்டுக்காரர் என்பதால் மூலையில் ஒரு கொடியும் வேண்டுமென்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அவர் முன்பொருமுறை இவர்களுக்கு அனுப்பிய கலியாணவீட்டுப் படத்தில், பின்னால் சுவரில் ஒரு கொடி இருந்தது. பனர் அச்சடிக்கிற பிரஸ்காரர் அதை அழகாகத் துப்பரவாக்கிப் போட்டுக்கொடுத்தார். துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் கட்டி, படம் எடுத்து பேஸ்புக்கிலும் போட்டுவிட்டார்கள்.

அது மேற்குப் பக்கத்து ஜெனரலின் கொடி. செத்தவரின் ஊர் அவருடைய பிடியில்தான் இருந்தது. டில்லித் தூதரகம் தலைநகரத்து ஜெனரலுடையது.

அடுத்தநாள் காலையில் அதிகாரியின் குரல் மாறியிருந்தது. அரசாங்கத் துறைமுக வாசலில் கிளர்ச்சிக்காரரின் கொடி ஏறியது எப்படி என்று டில்லியிலிருந்து எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இலங்கை தன் நிலைப்பாட்டை மாற்றிவிட்டதா என்றும் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் போட்காரர்கள் ஒரு நாட்டின் நிலைப்பாட்டை மாற்றிய கதையை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பொலிஸ் வந்து பனரை அவிழ்த்துக்கொண்டு போனது. கடிதம் வரவில்லை.

கூடப்பிறந்த தம்பி சம்மதம் சொன்னால் போதாதா என்று கேட்டேன். அவர்களுடைய ஊர்ப் பள்ளிவாசல் முத்திரை குத்தி அனுப்பிய கடிதம் தம்பியாரின் போனில் இருக்கிறது, அனுப்பட்டுமா என்றும் கேட்டேன். அனுப்ப வேண்டாம் என்றார். அந்த ஊரிலிருந்து வரும் கடிதத்தை வாங்கினால் அந்தப் பக்கத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமாம்.

“நாங்கள் நடுநிலை, சேர். ஒரு பக்கமும் எடுக்கிறதில்லை. அதனாலதான் தூதரகம் சொல்லாமல் எங்களுக்கு ஒண்டும் செய்ய ஏலாது.”

போனை வைத்துவிட்டு வெங்காய மூட்டையில் உட்கார்ந்தேன். நடுவில் நிற்கிறவன் எப்போதும் முத்திரை வைத்திருக்கிறவனுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான். இதைப் புரிந்துகொள்ள நான் டில்லிக்குப் போகத் தேவையில்லை. எங்கள் யுத்தத்தில் உலகத்து நாடுகளெல்லாம் ஆழ்ந்த கவலை தெரிவித்தன. பின்னேரச் செய்தியில் அந்தக் கவலையைக் கேட்டபடியே நாங்கள் சோறு தின்றோம். இப்போது எங்கள் அரசாங்கமும் அந்த நாட்டைப் பற்றி அதே சொற்களில் ஆழ்ந்த கவலை தெரிவித்திருந்ததைப் பேப்பரில் பார்த்தேன். கோபம் வந்தது. யார்மீது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண்மீது இல்லை.

இரண்டொரு நாள் கழித்து அவரே தன் சொந்த போனிலிருந்து அழைத்தார். தான் சொன்னதாக வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, டில்லிக்கு என்ன வேண்டும் என்பதைச் சொன்னார். தம்பியார் அரசாங்கக் கொடிக்கு முன்னால் நின்று வீடியோவில் பேச வேண்டும். அந்த மற்றக் கொடி கொலைகாரரின் கொடி, என் கூடப்பிறந்த நானா கடைசிவரை அரசாங்கத்துக்கு விசுவாசமாக இருந்தவர், விசயம் தெரியாத அந்நியர்கள்தான் அந்தப் பனரைக் கட்டினார்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் கடிதம் உடனே வரும்.

இதை அரபில் தம்பியாருக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, தன் வாப்பா எப்படி மௌத்தானார் என்று எனக்குச் சொன்னார். சந்தையில் பேரீச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்தவர்மீது தலைநகரத்து ஜெனரலின் விமானம் குண்டு போட்டது. அந்த ஜெனரலுக்கு விசுவாசம் என்று தன் வாயால் வராது என்றார். சரி என்றேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தாலே உடம்பு அசதியாகிறது. மையித்து ஆஸ்பத்திரியில் குளிரூட்டியில் கிடந்தது. மின்சாரம் போகும்போதெல்லாம் தம்பியார் என்னைப் பார்ப்பார், நான் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுப்பேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கடிதம் வந்ததா என்று கேட்பார். என் மனைவி சமைத்து அனுப்பிய சோற்றில் பாதியைத் திருப்பி அனுப்புவார். கப்பலுக்கு உள்ளே இடம் கிடைத்தது, கல்லை இறக்கினார்கள். புறப்படுகிற நாள் நெருங்கியது. எஞ்சின் ஆள் இல்லாமல் கிளம்ப ஏலாது என்று கப்டன் ஆளனுப்பினார்.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது தம்பியார் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

“கொடியைக் கொண்டுவரச் சொல்லுங்க. நானாவை மண்ணுக்கு மேல விட்டுட்டு என்னால கப்பல் ஏற ஏலாது.”

அவர் அரபில் சொன்னதை எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் கேட்டது.

கொடியைக் கொண்டுவந்தது போட்காரர்களில் மூத்தவர். அதே பிரஸ்ஸில் இந்த முறை சரியான கொடியைப் பெரிதாக அடித்து, குழலாகச் சுருட்டி எடுத்து வந்தார். என் ஸ்டோர் சுவரில் அவரே ஆணி அடித்து மாட்டினார். தம்பியாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

“நல்லதெண்டு நினைச்சுத்தான் நானா செய்தனாங்கள்,” என்றார் என்னிடம். “எந்தக் கொடி ஆற்றையெண்டு எங்களுக்கு என்ன தெரியும்?”

அதைத் தம்பியாருக்குச் சொன்னேன். அவர் போட்காரரின் தோளில் கை வைத்து, அவ்வளவு பெரிய படத்தைப் பார்த்திருந்தால் நானா சந்தோசப்பட்டிருப்பார் என்று சொல்லச் சொன்னார். சொன்னதும் போட்காரர் வெளியே போய் மூக்கைச் சிந்தினார்.

வீடியோ எடுத்தது நான்தான். முதல் தரம் பேசும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. நடுவில் வெளியே ஒரு லொறி ஹோர்ன் அடித்து எல்லாம் பாழாகிவிட்டது. திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் தரம் எங்கேயும் தட்டுப்படாமல், கமெராவை நேராகப் பார்த்து, அழகாகச் சொன்னார். முதல் தரத்தை என்னால் தாங்க முடிந்தது, இரண்டாவதை முடியவில்லை.

நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கடிதம் வந்துவிட்டது. தம்பியாரும் நானும் சேர்ந்து குளிப்பாட்டினோம். இவ்வளவு நாளைக்குப் பிறகு குளிப்பாட்டுவது எப்படி இருக்கும் என்று எழுதமாட்டேன். அஸருக்குப் பிறகு அடக்கினோம். கபுறுக்குள் இறங்கி முகத்தை மக்காப் பக்கம் திருப்பி வைத்தது தம்பியார். போட்காரர்கள் மையவாடி வாசலில் தயங்கி நின்றார்கள். கூப்பிட்டதும் வந்து ஆளுக்குக் கொஞ்சம் மண் போட்டார்கள்.

என் வீட்டில் வைத்திருந்த தம்பியாரின் பையை எடுக்க வந்தோம். இறங்குதுறையில் போட் தயாராக நின்றது. செருப்பைப் போடும்போது அவருடைய போன் அடித்தது. உம்மா. கையெல்லாம் இன்னும் மண்ணாக இருந்ததால் போனை மேசையில் வைத்து, விரல் நுனியால் ஸ்பீக்கரில் போட்டார். அதற்குள் அந்த வீடியோவைத் தூதரகம் தன் பேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

நானாவைக் கபுறில் வைத்துவிட்டாயா என்று உம்மா கேட்டார். வைத்துவிட்டேன் என்றார். முகம் கிப்லாப் பக்கமா என்று கேட்டார். ஓம் என்றார். கொஞ்சநேரம் அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

“நீ இனி இங்க வராத மகன்,” என்றார். “உன்ட வீடியோவைப் பார்த்துட்டு ஆயுதத்தோட வீட்டுக்கு வந்துட்டுப் போனாங்க. நீ என்ட மகன் இல்லையெண்டு அவங்களுக்குச் சத்தியம் பண்ணிச் சொல்லிட்டன். இந்த நம்பருக்கும் இனி எடுக்காத.”

போன் அடங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, உங்களுக்கும் அப்படித்தான் கேட்டதா என்றார்.

ஓம், அப்படித்தான் கேட்டது என்றேன்.