சாட்டினால்தான் தெரியும்

இந்த வருஷம் ஒரு திருவிழாவையும் விடுவதில்லை என்று போன சித்திரையில் நானும் மனைவியும் முடிவு செய்தோம். தேனியிலிருந்து எல்லாவற்றுக்கும் பைக்கிலேயே பயணம். வீரபாண்டியில் ராட்டினம், ஆடிச் சனிக்கிழமை குச்சனூர், ஆவணியில் மலையேறிக் குமுளியில் ஓணச் சாப்பாடு. காலண்டரில் வட்டம் போடப் போட எனக்குக் கை பரபரத்தது.

வட்டம் போட முடியாமல் நின்றது ஒன்றுதான்: கோம்பைப் பக்கம் மனைவியின் ஊரில் நடக்கும் அம்மன் பொங்கல். அவள் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், தேதியச் சொல்லுங்க. லீவு கேக்கணும்."

"சாட்டுனாத்தேன் மாப்ள தெரியும். மழை பெய்யட்டும், ஊர்ல கூடிப் பேசட்டும்."

ஊர் கூடி நாள் குறித்து, கொட்டடித்து அறிவிப்பதுதான் சாட்டுதல். அதற்கு முன்னால் அம்மனே வந்து கேட்டாலும் தேதி கிடைக்காது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆபீஸில் மேனேஜரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"தேதியே இல்லாத லீவுக்கு நான் எங்கன கையெழுத்துப் போடுறது?"

மற்ற மூன்றுக்கும் போய் வந்தோம். ராட்டினத்தின் உச்சியில் நான் அலறியதை அவள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஐப்பசியில் ஒரு காலை, மழை விட்ட கையோடு மச்சான் கூப்பிட்டார்.

"மாப்ள, சாட்டியாச்சு! கெளம்பி வாங்க!"

பின்னால் கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. மனைவி பையோடு வாசலுக்கே போய்விட்டாள். நான் பதறிப்போய் ஆபீஸுக்குப் போன் போட்டு மேனேஜரைக் கேட்டேன்.

"அவுக விடியவே லீவு சொல்லிட்டாக சார்," என்றார் போனை எடுத்தவர். "அவுக ஊர்லயும் சாட்டிட்டாகளாம்."