இடது கால் பெடல்

என் காரை வாங்க ஆள் வந்திருந்த விஷயம், அது ஸ்டார்ட் ஆன சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது. கிள்ளானில் என் வீட்டு ஹாலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். எட்டிப் பார்த்தால் வாசலில் அண்ணன் நிற்கிறார், கூடவே செமினியிலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்தப் பெண் என் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கட்டிலிலிருந்து வாசலுக்குப் பதினைந்து அடிதான். அன்றைக்கு அதுதான் நான் நடந்த மிக நீண்ட தூரம்.

"அண்ணே, என்ன நடக்குது இங்க?"

"நீ ஏம்மா எழுந்து வந்த? போய்ப் படு."

"காரு எம்பேருல இருக்கு."

"இருக்கட்டும். இனிமே நீ எங்க ஓட்டப் போற? சும்மா நின்னா பேட்டரி போயிரும், டயர் போயிரும். உன் நல்லதுக்குத்தான் செய்யறேன்."

சீட்டில் இருந்தவள்தான் முதலில் இறங்கினாள். "சாரிக்கா, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்," என்று சாவியை என் கையில் வைத்தாள். முன்பின் தெரியாத அவளுக்கு இருந்த கூச்சம்கூட என் அண்ணனுக்கு இல்லை. விருந்தாளிகளை அவமானப்படுத்திவிட்டேன் என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கார் ஒன்றும் பெரிய வண்டி இல்லை. பத்து வருடப் பழைய சின்ன ஹேட்ச்பேக், ஆட்டோ கியர், கருஞ்சிவப்பு. பின்சீட்டை மடக்கினால் ஒரு வாஷிங் மெஷினை ஏற்றலாம், ஏற்றியும் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளாமல், அம்மா அப்பா போன பிறகு தனியாக இருக்கும் எனக்கு, காலை ஆறேகாலுக்குக் கிள்ளானில் கிளம்பி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்வர அந்தக் கார்தான் எல்லாம்.

புதுச் செருப்பு கடித்து சுண்டுவிரலில் ஒரு கொப்புளம். அவ்வளவுதான் ஆரம்பம். சர்க்கரை நோய் இருந்ததால் அது ஆறவில்லை. விரல், பிறகு பாதம், பிறகு கால் என்று போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் நான் எத்தனை லட்டு சாப்பிட்டிருப்பேன் என்று கணக்குப் போட்டார்கள். ஆரஞ்சுப் பழத்தைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, "வாயக் கட்டியிருக்கணும்மா," என்றார் ஒரு ஆன்டி. கால் போனவளிடம் சொல்வதற்கு இதுதானா கிடைத்தது?

அதற்கு அடுத்து எல்லோரும் சொன்னது ரயில். கிள்ளானில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம், பக்கத்தில்தான் அலுவலகம் என்றார்கள். பக்கம்தான், இரண்டு காலும் இருப்பவர்களுக்கு. கூட்டத்தில் நின்றுகொண்டே போய், இறங்கி, உடைந்த நடைபாதையில் மழையில் நடந்து சேரும்போது செயற்கைக் காலின் உறைக்குள் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருக்கும். செயற்கைக் கால் பொருத்திய பிறகு மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இடது காலால் ஓட்டும்படி காரை மாற்றலாம் என்று எனக்குச் சொன்னவர் மருத்துவமனையில் நடைப்பயிற்சி தந்த பெண். பிரேக்குக்கு இடப்பக்கம், வேகம் கூட்டும் எண்ணெய்ப் பெடல் இன்னொன்று வைத்து, ஒரு கம்பியால் வலப்பக்கப் பெடலோடு இணைத்துவிடுவார்களாம். மற்றவர்கள் ஓட்டும்போது இடப்பக்கத்தை மேலே மடக்கிவிட்டால் பழைய கார். இவ்வளவு எளிய விஷயத்தை அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

அண்ணனையே கெஞ்சிக் கூட்டிக்கொண்டு கிள்ளானில் இரண்டு பட்டறைக்குப் போனேன். சின்னக் காரைத் தரையோடு தரையாக இறக்குவதற்கும், காதைக் கிழிக்கும் புகைக்குழாய் மாட்டுவதற்கும், பின்னால் துணி காயப்போடலாம் போல ஒரு இறக்கை வைப்பதற்கும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். நான் கேட்டது ஒரு பெடல். முதல் பட்டறைக்காரர் சிரித்தார். இரண்டாவது ஆள் அண்ணனைப் பார்த்து, "அண்ணே, அவங்களால முடியுமா? ரிஸ்க் லா," என்றார்.

"அவங்க இங்கதான் நிக்கிறாங்க. அவங்களயே கேளுங்க," என்றேன்.

அவர் அப்போதும் அண்ணனைத்தான் பார்த்தார். அண்ணனும் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். வாக்கரைத் தூக்கி இருவர் மீதும் எறிந்திருப்பேன்; எறிந்தால் நானும் விழுவேன் என்பதால் விட்டேன்.

கடைசியில் காப்பாரில் ஒரு பட்டறை அகப்பட்டது. அதன் முதலாளி ஐம்பது வயது இருக்கும் தமிழர், அதிகம் பேசாதவர். ரேஸ் ஓட்டுகிறவர்களின் கார்களைத்தான் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஏறி உட்காருங்க சிஸ்டர்," என்றார். தரையில் மண்டியிட்டு என் இடது பாதத்தின் நீளம், முழங்கால் மடங்கும் கோணம், சீட்டின் தூரம் எல்லாவற்றையும் அளந்து அட்டைப் பெட்டித் துண்டில் எழுதிக்கொண்டார். என்னால் முடியுமா என்று அவர் கேட்கவே இல்லை. "எந்தச் செருப்புப் போட்டு ஓட்டுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

முதல் முறை வைத்த பெடல் பிரேக்குக்கு மிக அருகில் இருந்தது. செருப்பு விளிம்பு மாட்டியது. "தப்பு என்னோடதுதான்," என்று கழற்றி, இரண்டு விரற்கடை தள்ளி மறுபடி பூட்டினார். தவறி வலது செயற்கைக் கால் பட்டுவிடாதபடி பழைய பெடலுக்கு முன்னால், வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய ஒரு தகடும் வைத்தார்.

"பெடலு பெரிசில்ல சிஸ்டர். பேப்பருதான் பெரிசு. அப்ரூவல் வாங்காம ரோட்டுல எறங்காதீங்க."

அவர் சொன்னது சரியாகிவிட்டது. மருத்துவர் கடிதம், காரின் படங்கள், பரிசோதனைச் சான்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு சாலைப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனால், ஊனமுற்ற ஓட்டுநர்களுக்கான கவுன்டர் முதல் மாடியில் இருந்தது. லிப்ட் வேலை செய்யவில்லை. கீழே இருந்த அதிகாரி மலாயில் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "புவான், நீங்க ஏன் சிரமப்படணும்? குடும்பத்துல யாரையாச்சும் அனுப்புங்க."

"ஓட்டப் போறது நான். குடும்பம் இல்ல," என்று நானும் மலாயில் சொன்னேன்.

"மேல போக வழி இல்லையே புவான்."

"அப்ப மேல இருக்கறவங்க கீழ வரட்டும். அவங்களுக்குக் கால் இருக்கே."

படிக்கட்டின் மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிலர் சில்லறை போட வந்தவர்கள் மாதிரி தயங்கினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு இளம் அதிகாரி கோப்போடு இறங்கி வந்து, என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து விண்ணப்பப் பாரங்களைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் வேறு யாரும் கேட்கவில்லை.

மறுபடி ஓட்டுநர் தேர்வு. ஏறி உட்கார்ந்த தேர்வு அதிகாரி கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சுற்றை முடித்து நிறுத்தியபோது ஒரு கையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குக் காப்பார் பட்டறைக்குப் போய் ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐந்து மாதம் ஓட்டினேன். பெடரல் நெடுஞ்சாலையின் ஜாமில் எல்லோரோடும் சேர்ந்து நானும் எரிச்சல்படுவது எவ்வளவு சுகமாக இருந்தது! பிரிக்பீல்ட்ஸில் ஊனமுற்றோருக்கான ஓகேயூ நிறுத்தத்தில் நன்றாக நடக்கிறவர்கள் காரை விட்டுவிட்டு ரோட்டி சாப்பிடப் போவார்கள். "அஞ்சு நிமிஷம்தான் அக்கா," என்பார்கள். ஹாரனில் கையை வைத்து, அவர்கள் வந்து எடுக்கும்வரை எடுக்க மாட்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு சனிக்கிழமை அண்ணன் தன் வேன் பட்டறையில் இருப்பதாகச் சொல்லி என் காரைக் கேட்டார். இடப் பெடலை மடக்கி, தகட்டை எடுத்துவிட்டு ஓட்டச் சொல்லி, எப்படி மடக்குவது என்றும் செய்து காட்டினேன். ஞாயிறு மாலை காரை வாசலில் விட்டு, சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தார். உள்ளே வரவில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை காரில் ஏறி இடது காலை வைத்தேன். கால் வெறும் தரைவிரிப்பில் பட்டது. மடங்கி இருக்கிறதோ என்று குனிந்து கையால் துழாவினேன். நான்கு திருகாணித் துளைகள்தான் இருந்தன. பெடல் இல்லை, கம்பி இல்லை, பாதுகாப்புத் தகடும் இல்லை.

அந்த நேரம் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தேனே, அதே மாதிரி அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் பிறகு வந்தது. வந்தபின் போகவில்லை.

போன் செய்தேன். "அதுவா... சாயங்காலம் வந்து பேசறேன்மா," என்று வைத்துவிட்டார். வாடகைக் காரைப் பிடித்து அண்ணன் வீட்டுக்கே போனேன்; அதுவும் காப்பாரில்தான். வாசல் நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார்.

"பெடல் எங்கண்ணே?"

"உட்காரு மொதல்ல. சனிக்கிழம எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? காலு தெரியாம அதுல பட்டு, காரு பாய்ஞ்சு கேட்டுல இடிக்கப் பார்த்துச்சு. எவ்ளோ டேஞ்சர்! உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"மடக்கச் சொன்னேனே. மடக்கினீங்களா?"

அண்ணன் காப்பியைக் கீழே வைத்தார்.

"மடக்காம ஓட்டினது நீங்க. அதுக்கு எம்பெடல கழட்டுவீங்களா?"

"உன் நல்லதுக்குத்தான்—"

"அந்த வார்த்தையச் சொல்லாதீங்கண்ணே. நான் தூங்கறப்ப வந்து என் காலக் கழட்டி ஒளிச்சு வைப்பீங்களா? வைப்பீங்கன்னா சொல்லுங்க, கதவப் பூட்டிட்டுப் படுக்கறேன்."

என் குரல் எவ்வளவு உயர்ந்ததென்றால் எதிர்வீட்டு அங்கிள் வெளியே வந்துவிட்டார். அண்ணன் அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "கோவத்துல பேசறா," என்று அவருக்கு விளக்கம் வேறு. எனக்கல்ல, எதிர்வீட்டுக்காரருக்கு!

அதற்குள் அண்ணி பின்னால் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டு வந்தார். கையில் ஒரு பழைய அரிசிப் பை. அதை என் மடியில் வைத்தார். பெடல், கம்பி, தகடு, திருகாணிகள், எல்லாம் இருந்தன. அண்ணன் அவரை முறைத்தார். அண்ணி அதைக் கண்டுகொள்ளாமல், "காப்பி குடிக்கிறியா?" என்று என்னைக் கேட்டார். நான் குடித்தேன். அண்ணனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, மெதுவாக.

பட்டறைக்காரர் அன்று மத்தியானமே கிள்ளானுக்கு வந்து வாசலில் வைத்துப் பூட்டிக் கொடுத்தார். ஒரு திருகாணியின் மறை தேய்ந்திருந்தது. "தெரியாத ஆளு கழட்டியிருக்கான்," என்றார். தெரிந்தவர்தான் என்று நான் சொல்லவில்லை. புதுத் திருகாணி போட்டு, நான்கு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, என்னையும் அழுத்தச் சொன்னார்.

அண்ணன் இரண்டு மாதம் பேசவில்லை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து, அவர் மூத்தவர், நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். எதை விட்டுக்கொடுக்க என்று கேட்டேன். தீபாவளிக்கு வந்தார், பலகாரம் சாப்பிட்டார், நடந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கோபத்தை முகத்தில் காட்டவில்லை. ஆனால் இன்றுவரை மன்னிக்கவும் இல்லை. காரை அவருக்குக் கொடுப்பதும் இல்லை.

தீபாவளி முடிந்த வாரத்தில் அண்ணி போன் செய்தார். பாசாருக்குப் போக வேண்டும், வருகிறாயா என்று. அவரை ஏற்றிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் போனேன். மீனும் கீரையும் வாங்கித் திரும்பும் வழியில், மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் வெற்று மைதானத்தைக் காட்டி, "இங்க கொஞ்சம் நிறுத்து," என்றார். கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து நீட்டினார். ஓட்டுநர் உரிமம். அவருடைய படம், அவருடைய பெயர், காலாவதி ஆகாதது.

"அண்ணி! உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னால எடுத்தது. உங்க அண்ணனுக்குப் புடிக்காது. நீ எதுக்கு, நான் இருக்கேன்ல, அப்டிம்பாரு. விடாம ரினியூ மட்டும் பண்ணிக்கிட்டே வந்தேன்."

"எத்தன வருஷமா?"

"இருபத்திரெண்டு."

நான் இறங்கி இடப் பெடலை மேலே மடக்கினேன், தகட்டை எடுத்தேன். அண்ணி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, மூச்சை இழுத்து விட்டார். கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. முதல் திருப்பத்தில் திணறினார். நான்காவது சுற்றில் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பின்னால் பையில் மீன் வாடை அடிக்கத் தொடங்கியும் நிறுத்த மனமில்லை.

நிறுத்தியபோது முகமெல்லாம் வியர்வை. "அடுத்த வாரமும் வரலாமா?" என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணன்கிட்ட சொல்லிராத," என்றார்.

எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரெண்டு வருடம் உரிமத்தைக் கைப்பைக்குள் ஒளித்துவைத்த பெண், இந்தக் காலியிடத்தில்கூடக் குரலைத் தாழ்த்த வேண்டுமா?

"அடுத்த வாரம் கண்டிப்பா வரலாம் அண்ணி," என்றேன். "ஆனா அண்ணன் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. சீட்டை விட்டு இறங்கவும் இல்லை.