சங்குக் கம்பம்

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளித் தையல்காரி. இடி இடித்தால் பயம், கதவு படாரென்று சாத்தினால் பயம் என்று கேலி செய்வார்கள். உண்மையில் அவள் பயந்தது ஒரே விஷயத்துக்குத்தான். அதை வெளியே சொன்னால் புருஷனுக்கு மானம் போய்விடும்.

அவர் நீர்மின் நிலையத்தில் காலமெல்லாம் டர்பைன் ஓட்டியவர். கல்யாணமான புதிதில் பெருமையாக விளக்குவார்: "அணைத் தண்ணி உசரத்துலேருந்து குழாய்ல இறங்கி சக்கரத்தை அடிக்கும். சக்கரம் சுத்தினா ஜெனரேட்டர் சுத்தும், கரண்டு வரும். கரியும் வேணாம், புகையும் வராது. அடிச்ச தண்ணி ஒரு சொட்டுக் குறையாம ஆத்துக்கே போயிடும்."

எது குறைந்தது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அவள் பிறந்த ஊர் அணைத் தண்ணீருக்கடியில் கிடந்தது. கீழே ஆறு பகலெல்லாம் காய்ந்து, ஊர் விளக்குப் போடும் சாயங்காலத்தில்தான் ஓடியது. டர்பைன் இரைச்சலில் நின்று நின்று அவர் காதும் போய்விட்டது.

ஒத்துக்கொள்வாரா மனிதர்? எதைக் கேட்டாலும் தலையாட்டிச் சமாளிப்பார். ஒருநாள் சோதிப்பதற்காக, "வீடு பத்தி எரியுதுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "சரி சரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அடுப்படியில் போய் அழுதாள்.

ஓய்வு பெற்றதும் ஆற்றுக்குள், சாயங்காலத் தண்ணீர் ஏறாத மணல் திட்டில் வெள்ளரி போட்டார். சாயங்காலத்துக்கு முன்பே கரையேறிவிடுவார். நேரம் தப்பியோ கூடுதலாகவோ தண்ணீர் விட்டால் எச்சரிக்க, கரையில் இரும்புக் கம்பத்தில் பேட்டரியில் அலறும் அபாயச் சங்கு இருந்தது.

"ஆத்துக்குள்ள போக வேணாங்க" என்று ஆற்றைக் காட்டி, கையை ஆட்டிக் கெஞ்சினாள்.

"சங்கு ஊதுவாங்கம்மா. நான் என்ன செவிடா?"



அன்றைக்கு உச்சி வெயிலில், பாதித் தையலில் மோட்டார் மிஷின் நின்றது. தெருவே வெளியில் வந்து புலம்பியது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "அனல் மின் நிலையம் படுத்துடுச்சாம். அதை எழுப்ப ரொம்ப நேரமாகும். நம்ம அணைதான் கைகொடுக்கணும். இதோ முழுசாத் தண்ணியத் தொறந்துடுவாங்க, கரண்டு உடனே வந்துடும்!"

எல்லோரும் மகிழ்ந்தார்கள். அவள் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினாள்.

கரையை எட்டும் முன்பே சங்கு அலற ஆரம்பித்துவிட்டது. கீழே அவர் முதுகைக் காட்டிக் குனிந்து, சாவகாசமாகக் கொடியைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார். கத்தி என்ன பிரயோஜனம்? அவள் மணலில் இறங்கினாள். ஒவ்வொரு அடிக்கும் கால் புதைந்தது. தலையைத் திருப்பினால் தண்ணீர் தெரிந்துவிடுமோ என்று திருப்பவேயில்லை. பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அடியே, கொடிய மிதிக்காத!"

அவள் விடவில்லை. தரதரவென்று இழுத்தாள். அவர் திமிறித் திரும்பியபோது ஆற்று வளைவில் நுரை தெரிந்தது. பிறகு அவர்தான் அவளை இழுத்துக்கொண்டு ஓடினார். இருவரும் கரையேறிச் சங்குக் கம்பத்தடியில் விழுந்தபோது வெள்ளரிப் பாத்தி இருந்த இடத்தில் ஆறு போய்க்கொண்டிருந்தது.

மூச்சு வந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. "அறிவு கெட்ட பசங்க! சங்கு ஊதாமலே தொறந்துட்டாங்க பாரு. இரு, நேராப் போய் நாக்கப் புடுங்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்."

தலைக்கு மேலே சங்கு அலறிக்கொண்டிருந்தது. அவள் அவர் கையைப் பிடித்து இரும்புக் கம்பத்தின் மேல் வைத்தாள்.

கம்பம் அதிர்ந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். கையை எடுக்கவில்லை.

"எவ்வளவு நேரமா ஊதுது?" என்று கேட்டார். பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.